ரவுண்டுக்கு ஒரு மிஸ்டு கால்

கொம்பையா நடையை நிறுத்தாமலே போனை எடுத்து, வீட்டு நம்பரை அமுக்கி, ஒரு மணி அடித்ததும் கட் பண்ணினார். முதல் ரவுண்டு. வீட்டில் அடுப்படி மேடையில், பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் அந்தப் போன் ஒரு தடவை அதிர்ந்து ஓய்ந்திருக்கும், சண்முகக்கனி ஒரு விரலை மடக்கியிருப்பாள். எடுக்கமாட்டாள். எடுக்கக் கூடாது என்பதுதான் பேச்சு. ரவுண்டுக்கு ஒரு மிஸ்டு கால், அஞ்சு ரவுண்டுக்கு அஞ்சு, ஒரு ரவுண்டுக்கு ஏழு நிமிஷம், பத்து நிமிஷம் தாண்டியும் மணி அடிக்கலைன்னா நான் கிளம்பி வந்துருவேன், அதோட உங்க மைதானத்துக்கு ஒரு கும்பிடு, நாளையிலருந்து மொட்டைமாடிதான், என்று நேற்றுச் சாயங்காலம் கட்டன்ரைட்டாகச் சொல்லிவிட்டாள். மொட்டைமாடி. துணி காயப்போடும் கொடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் பதினாலு எட்டு, திரும்பு, பதினாலு எட்டு, திரும்பு. இருபத்தொன்பது வருஷம் கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் பஸ் ஓட்டின மனுஷனை, வண்டி திருப்புவதையே பொழப்பாக வைத்துக்கொள் என்றால் விளங்கின மாதிரிதான். ஓசூரில் இருக்கிற மகள் அதுக்கும் ஒரு படி மேலே போய், நின்ற இடத்திலேயே நடக்கிற மிஷின் ஒன்று அனுப்பிவைக்கிறேன்பா என்கிறாள். நின்ன இடத்துல நடக்கவா அறுபத்திரண்டு வயசு வரைக்கும் இருந்தேன். அதனால் இன்றைக்கு அஞ்சு மிஸ்டு காலும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மூன்று வாரத்துக்குப் பிறகு, பக்கத்தில் சண்முகக்கனி இல்லாமல், தனியாக, இதுதான் முதல் நாள். பள்ளிக்கூட மைதானத்து ஓரத்து வேப்பமரத்தைத் தாண்டும்போது காற்று முகத்தில் பட்டது. நல்ல காற்று. மாடியில் தண்ணீர்த் தொட்டி வாசனைதான் வரும்.

காலையில் எல்லாம் முறைப்படிதான் செய்தார், யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. பல் துலக்கியதும் விரலில் குத்திச் சுகர் பார்த்தார். நூத்தெட்டு. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாள் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது, நூறுக்குக் கீழே இருந்தால் ஏதாவது தின்றுவிட்டுத்தான் வாசல்படி இறங்க வேண்டும், இருநூத்தம்பதுக்கு மேலே இருந்தால் அன்றைக்கு நடையே கிடையாது. நூத்தெட்டு எதிலும் சேராது. நூத்தெட்டு நல்ல நம்பருடி, சாமிக்குத் தேங்காய் உடைக்கிற நம்பர் என்று அவர் சொன்னதுக்கு, ஆம்புலன்சுக்கும் அதே நம்பர்தான், பேசாம ரெண்டு பிஸ்கட்டைத் தின்னுட்டுக் கிளம்புங்க என்று சண்முகக்கனி தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் ஒன்றைத் தின்றார். இன்னொன்றை டப்பாவுக்குள் திரும்பப் போட்டார். ஏன் போட்டார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நூறுக்கு மேல் இருக்கிற ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு என்ற நினைப்புதான். பிறகு ஷூவைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்து மாட்டினார். இந்தத் தடவலுக்கும் ஒரு கதை இருக்கிறது. போன சித்திரையில் ஒருநாள் நடந்துவிட்டு வந்து ஷூவைக் கழற்றினால் குதிகாலுக்கு அடியில் ஒரு முழு நிலக்கடலை, தட்டையாக நசுங்கி, மாவாகிக் கிடக்கிறது. அஞ்சு ரவுண்டும் அது மேலேயே ஏறி இறங்கியிருக்கிறார், காலுக்குத் தெரியவே இல்லை. சண்முகக்கனி வேலை பார்ப்பது கடலை மிட்டாய்க் கடையில், அவள் சேலையில் ஒட்டிக்கொண்டு வந்த கடலையாக இருக்கும். இந்தக் கால். இந்தக் கால்தானே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலாக கிளட்ச் மிதித்தது, பெடல் எத்தனை நூல் இறங்கினால் கியர் விழும் என்று உள்ளங்காலுக்குத் தெரியும், பாதி ராஜ்ஜியம் அந்தக் காலில்தான் இருந்தது. இப்போது அதுக்குக் கடலை தெரியவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் விளக்கேற்றியதும் அவள் அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, விரலிடுக்கு விரலிடுக்காக வெளிச்சம் பிடித்துப் பார்க்கிறாள். முதல் நாள் அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை, காலை இழுத்தார். சும்மா இருங்க, அரிசியில கல்லு பாக்குத மாதிரி பாத்துட்டு விட்டுருதேன் என்றாள். இப்போது அந்த நேரத்துக்காகவே பகல் முழுக்கக் காத்திருக்கிறார் என்று சொன்னால் சிரிப்பாள், அதனால் சொன்னதில்லை.

எதிரே செண்பகராஜ் வந்துகொண்டிருந்தார். தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், காதுவரைக்கும் மங்கி குல்லா. மைதானத்தில் ஊர் முழுக்க ஒரு பக்கமாகச் சுற்றினால் அவர் மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவார். கோயிலைச் சுற்றுகிற மாதிரி வலமாகத்தான் சுற்ற வேண்டும், இடமாகச் சுற்றினால் நடந்த நடையெல்லாம் வீண் என்பது அவர் கட்சி. அதனால் ஒரு ரவுண்டுக்கு இரண்டு தடவை அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டியிருக்கிறது. முன்னெல்லாம் இரண்டு தடவையும் வணக்கம் நடக்கும். இந்த மூன்று வாரமாக, அவர் தூரத்தில் வரும்போதே தரையைப் பார்க்கத் தொடங்குவார், கொம்பையா வேலியைப் பார்ப்பார், சண்முகக்கனிக்கு ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாள். இன்றைக்கும் அப்படியேதான். தாண்டிப் போகையில் ஒரு கையால் சட்டைப் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு போனார். நெஞ்சு வலியோ என்னவோ, போகட்டும், நமக்கென்ன. நமக்கென்ன என்று நினைத்தாலும், மூன்று வாரத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் விழுந்து கிடந்தபோது கேட்ட அவர் குரல் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. காலங்காத்தாலயே ஏத்திட்டு வந்துட்டாரு பாரு. டிரைவர்தானே. அந்த முதல் பாதியைக்கூட மன்னித்துவிடலாம். கீழே கிடக்கிறவனைப் பார்த்து யாரும் அதைத்தான் நினைப்பார்கள், ஊர் அப்படி இருக்கிறது. அந்த 'டிரைவர்தானே' இருக்கிறதே, அதுதான் சோற்றில் கிடக்கிற முடி மாதிரி தொண்டைக்குள் இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. டிப்போவில் குடித்திருக்கிறானா என்று பார்க்க ஊதச் சொல்லும் குழாயை நீட்டினால் கொம்பையா முதல் ஆளாகப் போய் ஊதிவிட்டு வருவார். ஊது என்றால் ஊதிக்காட்டுகிற ஆளு. தீபாவளிக்குக்கூடத் தொட்டதில்லை.

இரண்டாவது மணியை அடித்துக் கட் பண்ணினார். ரெண்டு. மாட்டுப்பொங்கல் கழித்துச் சாத்தூரில் ஒரு கல்யாணம், கூட வேலை பார்த்த கண்டக்டரின் மகளுக்கு, அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. இலையில் வைத்த ஜாங்கிரியைத் தின்றார், பக்கத்து இலைக்காரர் எழுந்துபோனதும் பரிமாறுகிறவன் மறுபடி வைத்ததையும் தின்றார், பாயசம் இரண்டு தடவை. தின்றதற்குப் பரிகாரமாக இரவு சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார், ஆனால் இன்சுலின் ஊசியை மட்டும் குறைக்காமல் முழுசாகப் போட்டுக்கொண்டார். காலையில் சுகர் மிஷினில் பார்க்கப் பயம், எவ்வளவு காட்டுமோ, அதனால் பார்க்கவே இல்லை. வெறும் வயிற்றில் கிளம்பி அஞ்சுக்கு எட்டாக நடந்து தீர்த்துவிடுவது என்று கணக்குப் போட்டார். ஆறாவது ரவுண்டில், கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கிற சிமெண்டுத் திட்டுக்குப் பக்கத்தில், கால் தரையில் படுகிற சத்தம் தூரத்தில் யாரோ நடக்கிற மாதிரிக் கேட்டது. வியர்வை ஊற்றியது. உடனே தெரிந்துவிட்டது, சட்டைப் பையில் கை போனது, எடுத்து வாயில் போட்டார். போட்டது என்ன. கடலை மிட்டாய். கோவில்பட்டியில் பிறந்தவன் வேறே என்ன வைத்திருப்பான், பையில் மிட்டாய் இருக்கிற தைரியத்தில்தானே நாலு வருஷமாக நடந்தார், அதுவும் சண்முகக்கனி தன் கையால் பாகு ஊற்றித் தேய்த்து வெட்டினது. கடிக்க முடியவில்லை. பல்லுக்கு நடுவில் பாறாங்கல்லு மாதிரி உட்கார்ந்துகொண்டது, தாடைக்குப் பலம் இல்லை, மெல்ல வேண்டும் என்று தெரிகிறது, மெல்லுவது எப்படி என்று மறந்துபோனது. வெல்லம் கரைந்து கடைவாயில் வழிந்தது. அப்படியே சாய்ந்தார். கண் திறந்துதான் இருந்தது, ஷூக்கள் தாண்டிப் போவது தெரிந்தது, அப்போதுதான் அந்தக் குரல். பிறகு வாசலில் கம்பங்கூழ் விற்கிற பேச்சியம்மாள் ஓடிவந்து, ஏ, இவரு குடிக்கலைய்யா, என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும், இது சீனி எறங்குதது என்று சத்தம் போட்டு, தலையைத் தூக்கி மடியில் வைத்து, சீனித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். அந்த அம்மாள் மட்டும் இல்லையென்றால் இந்நேரம் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள்.

டாக்டரம்மா திட்டவில்லை, அதுதான் ஆச்சரியம். நடக்கிறது மருந்துய்யா, தண்டனை இல்லை, நேத்துத் தின்னதுக்கு இன்னைக்கு அடி வாங்குற மாதிரி நடக்காதீங்க என்றாள். பிறகு பையில் என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். சொன்னார். சிரித்துவிட்டாள். கடலை மிட்டாய் நல்ல பண்டம்தான், ஆனா கடலையில எண்ணெய் இருக்கு, சர்க்கரையை நின்னு நிதானமாத்தான் விடும், அது எல்லா ஸ்டாப்பிலயும் நிக்கிற டவுன் பஸ்ஸு, நீங்க கீழ விழுற நேரத்துல வேண்டியது எங்கயும் நிக்காத பாயின்ட் டு பாயின்ட் என்றாள். குளுக்கோஸைத் தண்ணியில கரைச்சுக் குடிங்க, பதினஞ்சு நிமிஷம் அசையாம உக்காருங்க, மறுபடி பாருங்க, ஏறியிருந்தா அதுக்குப் பிறகு உங்க மிட்டாயைத் தின்னுங்க, அப்போ அது நல்லா வேலை செய்யும். அவருக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது, பஸ்ஸில் வைத்துச் சொன்னதாலேயே மனசில் உட்கார்ந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் நின்ற சண்முகக்கனி காதில் முதல் பாதிதான் விழுந்தது. தன் மிட்டாய்தான் புருஷனைச் சாய்த்தது என்று முடிவுகட்டிவிட்டாள். இருபத்தாறு வருஷமாக அந்தக் கடையில் வேலை, சனிக்கிழமை தோறும் உடைசல் மிட்டாய் ஒரு பொட்டலம் வீட்டுக்கு வரும், அதோடு நின்றது. கடைக்குப் போகிறாள், பாகு காய்ச்சுகிறாள், ஆனால் ஒரு துண்டு வீட்டு வாசல்படி ஏறுவதில்லை. ரெண்டாவது பாதியையும் கேளுடி என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தார், கேட்டுக்கொள்ளவில்லை. கடைக் கதை மட்டும் அவ்வப்போது சொல்லுவாள். நான் உள்ள பாகுக்கிட்டல்லா நிக்கேன், கல்லாவுல இருக்க பையன் சொல்லுதான், யாரோ ஒரு ஆளு வாராவாரம் திங்கக்கிழமை வந்து ஒத்தை மிட்டாய் வாங்கிட்டுப் போறாராம், ஒண்ணே ஒண்ணு, அதையும் பேப்பர்ல மடிச்சுக் குடுங்கன்னு கேட்டு, அதை வச்சு என்னதான் செய்வாரோ. இப்படி.

மூணு. மணி அடித்தது, கட். நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் இரண்டுதான், கை வீசி நடந்தார், வெயில் மஞ்சளாக மைதானத்து மண்ணில் இறங்கியிருந்தது, வாசல் பக்கம் பேச்சியம்மாள் கூழ்ப்பானையைத் திறந்ததும் மோர்மிளகாய் வாசனை வந்தது, மனசுக்கு நிறைவாக இருந்தது. அப்போதுதான் பிடரியில் ஒரு வியர்வை. ஒரே ஒரு கோடு, காலருக்குள் இறங்கியது. இது என்ன வியர்வை. நடந்தால் வியர்க்கத்தான் செய்யும், வியர்க்கத்தானே நடக்கிறோம். ஆனால் நடக்கிற வியர்வை நெற்றியில் அல்லவா ஆரம்பிக்கும், சூடாக அல்லவா இருக்கும், இது குளிர்ந்த மாதிரி இருந்தது, காற்று பட்டதால் குளிர்ந்ததா, காற்று இப்போது இல்லையே. பயத்துக்கும் இப்படித்தான் வியர்க்கும். பயப்படுவதாலேயே வியர்க்கிறதோ, வியர்ப்பதால் பயப்படுகிறோமோ, எது முன்னாடி வந்தது. கையை நீட்டிப் பார்த்தார், நடுங்கவில்லை, நடுங்குகிறது, நடக்கும்போது கையை நீட்டினால் யாருக்கும் ஆடத்தான் செய்யும், நின்று பார்த்தால்தான் தெரியும், நின்றால் எல்லோரும் பார்ப்பார்கள். நெஞ்சு அடித்துக்கொண்டது. இஞ்சின் சத்தத்தில் ஒரு இழை மாறினாலும் கண்டுபிடிக்கிற காது அவருக்கு, ஒரு தடவை கயத்தாறு தாண்டி அறுபது பேர் வண்டியை நடுரோட்டில் ஓரங்கட்டி நிறுத்தினார், அறுபது பேரும் கல்யாணத்துக்கு நேரமாச்சு, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு என்று பொரிந்து தள்ளினார்கள், வந்து பார்த்த மெக்கானிக் இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போயிருந்தா இஞ்சின் சுத்தாமக் கட்டிப் பிடிச்சிருக்கும்ணே என்றான். சரி, மனசைச் சோதித்துப் பார்ப்போம், தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்போம், ஸ்டாப்பு பேரைச் சொல்லுடா கொம்பையா. கோவில்பட்டி. நாலாட்டின்புத்தூர். கயத்தாறு. பிறகு. கயத்தாறு. கயத்தாற்றில் இரண்டு டீக்கடை, ஒரு புளியமரம், அது இப்போது இல்லை, ரோடு போடும்போது வெட்டினார்கள், அதைத் தாண்டி வண்டி போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, அடுத்த ஸ்டாப்பு வரவேண்டும், கண்டக்டர் விசில் அடிக்கிறான், ஆட்கள் இறங்குகிறார்கள், என்ன ஊர் அது, இறங்குகிறவர்கள் முகம்கூடத் தெரிகிறது, தயிர்க்கூடைக்காரி, கறுப்புக் குடைக்காரர், ஊர்ப் பேர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. கோவில்பட்டி. நாலாட்டின்புத்தூர். கயத்தாறு. அங்கேயே வந்து நின்றது. இருபத்தொன்பது வருஷம் ஒரு நாளைக்கு ஆறு தடவை தாண்டின ஊர்.

நின்றுவிடு என்று ஒரு குரல். இன்னும் ஒன்றரை ரவுண்டுதானே, வாசல் பக்கம் போய்விட்டால் பேச்சியம்மாள் இருக்கிறாள், அங்கே போய் உட்காரலாம் என்று இன்னொரு குரல். ஏனென்றால் அவர் வந்து சேர்ந்திருந்த இடம் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால், அதே சிமெண்டுத் திட்டு, வாய் வழியக் கிடந்த அதே இடம். இங்கே மறுபடி உட்கார்ந்தால், அதோ திரும்பி வருகிறாரே மங்கி குல்லா, அவர் கண் முன்னாலேயே உட்கார்ந்தால், மறுபடியும் டிரைவர்தானே. நாலாவது மிஸ்டு கால் போகாது. சண்முகக்கனி வந்துவிடுவாள். மொட்டைமாடி, கொடி, தொட்டி, பதினாலு எட்டு. இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு டிரிப்பைப் பாதியில் விட்டதில்லை. விட்டிருக்கிறாய், கயத்தாறு தாண்டி விட்டிருக்கிறாய், அறுபது பேர் திட்டினார்கள், ஒரு ஆளும் சாகவில்லை. ஒரே ஒரு ஆள் பார்க்கிறதுக்காக இஞ்சினைக் கட்டிப் பிடிக்கவிடுவதா, போங்கடா. கொம்பையா திட்டில் உட்கார்ந்தார்.

இடுப்புப் பையில் இருந்து மிஷினை எடுத்தார். விரலைத் தண்ணீரில் நனைத்துக் கர்ச்சீப்பில் துடைத்தார், குத்தினார், ஒரு பொட்டு இரத்தம். அறுபத்தினாலு. பார்த்ததும் பயம் வந்தாலும் அதுக்கு அடியில் ஒரு சந்தோஷம் இருந்தது, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். காது தப்பவில்லை. வண்டி கவிழ்கிறதுக்கு முன்னாடியே சத்தம் கேட்டுவிட்டது. கால் போனால் என்ன, காது இருக்கிறது. குளுக்கோஸ் கரைத்துவைத்த சின்ன பாட்டிலைத் திறந்தார், மூடி கொஞ்சம் பிடிவாதம் பண்ணியது, பல்லால் கடித்துத் திறந்து கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தார். எல்லோரும் பார்த்தால் பார்க்கட்டும். இனி பதினைந்து நிமிஷம் அசையக் கூடாது.

செண்பகராஜ் வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு தாண்டிப் போய்விடுவார் என்று நினைத்தால், நின்றார். "அண்ணாச்சி, எறங்கிருச்சா?"

"எறங்கிருச்சு சார். அறுபத்தினாலு. குடிச்சிட்டேன்." குடிச்சிட்டேன் என்ற பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே உறைத்தது. "குளுக்கோஸ்" என்று சேர்த்துச் சொன்னார்.

செண்பகராஜ் திட்டின் மறுகோடியில் உட்கார்ந்தார். குல்லாவைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். தலையில் முடி கொஞ்சம்தான் இருந்தது. இரண்டு பேர் பேசிக்கொண்டே தாண்டிப் போனார்கள், திரும்பிப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். அவ்வளவுதான், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. சொல்லிவிடலாமா வேண்டாமா என்று கொம்பையாவுக்கு நாக்கு நுனியில் வந்து வந்து போனது, அதற்குள் சொல்லியும் விட்டார்.

"அன்னைக்கு நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு சார்."

"தெரியும்." செண்பகராஜ் குல்லாவைப் பார்த்தபடியே பேசினார். "உங்க கண்ணு தொறந்துதான இருந்துச்சு. அதுக்குப் பிறகு எத்தனையோ நாள் நேர்ல வந்து கேட்டுறணும்னு நெனைச்சேன். ஒரு ரவுண்டுக்கு ரெண்டு தடவ பாக்கோம், ரெண்டு தடவையும் வாய் வரல. தப்புதான் அண்ணாச்சி. மன்னிச்சிருங்க."

பரவாயில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது, ஒரு மணியில் நிற்கவில்லை, விடாமல் அடித்தது. பத்து நிமிஷம் தாண்டிவிட்டது. எடுத்தார். ஒண்ணுமில்லடி, ஷூ கயிறு அவுந்துருச்சு, கட்டிக்கிட்டு இருக்கேன் என்ற பொய் வாய்வரைக்கும் தயாராக வந்து நின்றது.

"கோல் போஸ்ட்டு பக்கம் உக்காந்திருக்கேன்" என்றார். "எறங்கிருச்சு. விழல, அதுக்கு முன்னாடியே உக்காந்துட்டேன். குளுக்கோஸ் குடிச்சாச்சு. நல்லாருக்கேன்."

அந்தப் பக்கம் குக்கர் மட்டும் ஒரு விசில் அடித்தது. "மெய்யாத்தான் சொல்லுதியளா?"

"மெய்யாத்தான். செண்பகராஜ் சார் பக்கத்துல இருக்காரு. நீ வர வேண்டாம், இன்னும் பத்து நிமிஷம் உக்காரணும், பாத்துட்டு வாரேன்." பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல், "நாளைக்கு மொட்டைமாடியா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்தப் பத்து நிமிஷமும் இருவரும் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். செண்பகராஜ் ஏதோ தபால் ஆபீஸ் கதை ஆரம்பித்துப் பாதியில் விட்டார். வியர்வை காய்ந்தது. வேப்பமரத்தில் காகம் கத்துவது முதலில் தூரத்தில் கேட்டது, பிறகு மரத்திலேயே கேட்டது. மைதானம் இருந்த இடத்துக்கே திரும்பி வந்து நின்றது. புளியமரம், டீக்கடை, தயிர்க்கூடைக்காரி இறங்குகிறாள், கறுப்புக் குடைக்காரர் இறங்குகிறார்.

"கங்கைகொண்டான்" என்றார் கொம்பையா.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல சார். ஒரு ஸ்டாப்பு விட்டுப்போச்சு, இப்பத்தான் வந்துச்சு." கங்கைகொண்டான், தாழையூத்து, தச்சநல்லூர், திருநெல்வேலி. கோர்த்த பூ மாதிரி வந்து விழுந்தது, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரலை மறுபடி தண்ணீர் விட்டுக் கழுவினார், குளுக்கோஸ் ஒட்டியிருந்தால் மிஷினும் பொய் சொல்லும் என்று டாக்டரம்மா எச்சரித்திருக்கிறாள், துடைத்துக் குத்தினார். நூத்திரண்டு.

அதைப் பார்த்ததும் செண்பகராஜ் சட்டைப் பைக்குள் கையைவிட்டார். மூன்று வாரமாகப் பொத்திக்கொண்டு நடக்கிற பை. வெளியே வந்தது ஒரு பேப்பர் மடிப்பு, ஓரத்தில் எண்ணெய் இறங்கியிருந்தது. பிரித்தார். உள்ளே ஒரு கடலை மிட்டாய், ஒண்ணே ஒண்ணு.

"அன்னையிலருந்து தினமும் இதோடதான் வாரேன்" என்றார். "மறுபடி ஒருக்கா அப்படி ஆச்சுன்னா கையில ஏதாவது இருக்கணும்லா. வெயிலுக்குப் பிசுபிசுன்னு ஆயிரும், அதனால வாராவாரம் புதுசு வாங்கிருவேன். இப்ப நீங்க தண்ணியாக் குடிச்சதைப் பாத்த பிறகுதான், இது சரிப்படாதோன்னு ஒரு சந்தேகம்."

திங்கக்கிழமை ஒத்தை மிட்டாய்க்காரர். கொம்பையா அந்தப் பேப்பரையும் அவர் முகத்தையும் பார்த்தார். தொண்டையில் மூன்று வாரமாகக் கிடந்தது எங்கே போனது என்று தெரியவில்லை. "முதல்ல சரிப்படாது சார். பிறகு சரிப்படும். இதான் அந்தப் பிறகு" என்றார். துண்டை இரண்டாக உடைத்தார், ஒரு பாதியை வாயில் போட்டு நன்றாக மென்றார், பல் சொன்னபடி கேட்டது, கடலை வறுபட்ட பக்குவம் சண்முகக்கனி பக்குவம், சந்தேகமே இல்லை. இன்னொரு பாதியைப் பேப்பரில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இருவரும் எழுந்தார்கள். மீதி ரவுண்டை முடிக்கிற யோசனையே அவருக்கு வரவில்லை, மைதானத்துக்குக் குறுக்காக, வாசலைப் பார்த்து, மெதுவாக நடந்தார்கள். இடமா வலமா என்று செண்பகராஜும் கேட்கவில்லை. பேச்சியம்மாள், என்ன ரெண்டு பேரும் சோடி போட்டு வாரிய என்று கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். வாசலைத் தாண்டியதும் கொம்பையா பழக்கத்தில் போனை எடுத்து வீட்டு நம்பரை அமுக்கினார், ஒரு மணி அடித்ததும் கட் பண்ண விரலைக் கொண்டுபோனார், அதற்குள் அவள் எடுத்துவிட்டாள். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருப்பாள்போல.

"எதுக்கு எடுத்தே? இது மிஸ்டு கால்லா."

"எத்தனை ரவுண்டு?"

"மூணரை." அவருக்கு அதைச் சொல்ல வெட்கமாக இல்லை. "உன் மிட்டாய் பாதி கொண்டு வாரேன். பாதிய நான் தின்னாச்சு, டாக்டரம்மா சொன்ன முறைப்படி. உங்க கடை ஒத்தை மிட்டாய்க்காரரு ஆருன்னு வந்து சொல்லுதேன்."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று போனில் என்ன தெரியும். பிறகு பருப்பு டப்பா நகர்கிற சத்தம், அதுக்குப் பக்கத்தில் பிஸ்கட் டப்பா திறக்கிற சத்தம்.

"நாளைக்கு ரெண்டையும் தின்னுட்டுப் போங்க" என்றாள் சண்முகக்கனி.